புது ரோடு போட்ட தெருவில் வாசல் கறைபடாமல் இருக்க: சாக்கா, மணலா, தார்ப்பாயா?

தெருவின் பழைய ரோட்டை மில்லிங் மெஷின் சுரண்டிவிட்டுப் போயிருக்கிறது என்றால், தார் வண்டி வர அதிக நாளில்லை. அது வந்து போன மறுநாள் போர்டிகோவில் தெரியும்: கேட்டிலிருந்து உள்ளே இரண்டு கறுப்பு வரி, வாசல்படியில் செருப்புக் குதிகால் அளவில் நாலைந்து பொட்டு, ஸ்கூட்டர் நிற்கும் இடத்தில் காசு அகலத்துக்கு அப்பிய தார். தடுக்க ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். தார்ப்பாய் விரி, சாக்கு போடு, மணல் தூவு, வண்டியை வெளியில் நிறுத்து, தரைக்குப் பாதுகாப்புப் பூச்சான சீலர் அடி. ஆறாவது யோசனை: ஒன்றும் செய்யாதே, அப்புறம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொள்ளலாம். எது சரி என்பதைத் தரை எதனால் ஆனது, வண்டியை எத்தனை நாள் வெளியே விட முடியும் என்ற இரண்டும்தான் முடிவு செய்யும்.

தடம் எங்கிருந்து வருகிறது

நாம் தார் என்று சொன்னாலும் இன்று ரோட்டுக்குப் போடுவது நிலக்கரித் தார் இல்லை. கச்சா எண்ணெயை வடித்த பிறகு அடியில் மிஞ்சும் பிட்டுமன். விஜி-30 என்ற ரகம்தான் பரவலாக இறங்குகிறது. ஐஎஸ் 73 என்ற இந்தியத் தரப்படி அது இளகத் தொடங்கும் வெப்பநிலை குறைந்தது 47 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். கத்திரி வெயிலில் ரோட்டின் மேல்பரப்பு 60 டிகிரியைத் தொட்டுவிடும். ஆகவே போட்டு ஆறிய ரோடு மதியம் மறுபடி இளகும். காலையில் கைவைத்துப் பார்த்து "காஞ்சிடுச்சு" என்று வண்டியை எடுத்தவர், மூன்று மணிக்குத் திரும்பும்போது தடத்தோடு வருவது இதனால்தான். பிட்டுமன் பெயின்ட் மாதிரி காய்வதில்லை, ஆறுகிறது. ஆறியது சூடானால் பழைய கதைதான்.

மேல்தளத்தைவிட மோசமானது அதற்கு முன்னால் தெளிக்கும் பசை, அதாவது டாக் கோட். சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் அளவில் தெளிக்கிறார்கள். பார்ப்பதற்கு டீ டிக்காஷனில் கொஞ்சம் பால் விட்ட நிறம். இது பிட்டுமனைத் தண்ணீரில் கலக்கிய எமல்ஷன். தண்ணீர் பிரிந்து போனதும் பழுப்பு மாறி கறுப்பாகும். வெயிலில் சில நிமிடத்தில் கறுத்துவிடும், மேகமூட்டம் என்றால் கூடுதல் நேரம் ஆகும். வாசலில் விழும் கறைகளில் துடைக்கவே முடியாதவை பெரும்பாலும் இந்தப் பசையிலிருந்து வந்தவை. ஜல்லி எதுவும் இல்லாத வெறும் ஒட்டு என்பதால் செருப்பில் ஏறினால் சமையல்கட்டு வரை போகும்.

இதில் ஒரு வசதியும் உண்டு. பழுப்பாக இருக்கும்வரை தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் போய்விடும். கறுத்த பிறகு தண்ணீருக்கு அசையாது. பசை தெளிக்கும் நேரத்தில் கேட் அருகே ஒரு பக்கெட் தண்ணீரும் தென்னந்துடைப்பமும் தயாராக இருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். கைக்குழாயால் தெளிப்பவரிடம் கேட் சாய்தளத்தின் ஓரத்தில் ஒரு தகரத்தையோ பிளைவுட் துண்டையோ நிறுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் செய்வார்கள். காம்பவுண்டுச் சுவரின் அடி ஒரு அடி உயரத்துக்குப் பழைய செய்தித்தாளை ஒட்டிவிட்டால் சுவரும் தப்பும்.

வண்டியை வெளியே நிறுத்துவது

முடிந்தவர்களுக்கு இதற்கு ஈடான வழி வேறில்லை. பசை தெளிக்கும் முன்பே காரையும் ஸ்கூட்டரையும் பக்கத்துத் தெருவில் விட்டுவிட வேண்டும். ரோலர் வேலை முடிந்து கலவை சுற்றுப்புற வெப்பத்துக்கு ஆறியதும் போக்குவரத்தை விடலாம் என்கிறது மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதி. அது ரோடு கெடாமல் இருக்கப் போட்ட விதி. உங்கள் டைல்ஸுக்கு அதில் பங்கில்லை. வாசலைப் பொறுத்தவரை வெயில் காலத்தில் மூன்று முழு நாள், மார்கழி போன்ற மாதங்களில் ஒன்றரை நாள் பொறுத்தால் நல்லது. அதன் பிறகும் முதல் வாரம் பத்து நாளுக்கு மதியம் 12 முதல் 4 வரை வண்டியை உள்ளே ஏற்றாமல் காலையிலோ இருட்டிய பிறகோ ஏற்றுங்கள்.

நடுவில் ஒரு யோசனை அடிபடும்: "பழைய ரோட்டில் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தால் டயர் சுத்தமாகிவிடும்." ஆகும்தான். ஆனால் வீட்டுக்கு வரும் கடைசி ஐம்பது மீட்டர் புது ரோடாயிற்றே. பக்கத்துத் தெருவில் வேலை நடந்து உங்கள் தெரு பழையதாகவே இருந்தால் மட்டும் இது பலிக்கும்.

மூன்று நாள் வெளியே விட வழியில்லாதவர்கள், வீட்டில் முதியவரோ நோயாளியோ இருப்பவர்கள், பக்கத்துத் தெருவில் இடமே இல்லாதவர்கள் கீழே உள்ளவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான்.

விரிப்புகள்: எவ்வளவு நீளம் என்பதே கேள்வி

சாக்கோ தார்ப்பாயோ, முக்கால்வாசிப் பேர் தோற்பது நீளத்தில். மிதியடி அளவுக்கு ஒரு சாக்கைக் கேட்டுக்குள் போட்டுவிட்டு, அதன் மேல் ஏறி வந்த டயர் ஏன் இன்னும் கறை வைக்கிறது என்று யோசிப்பார்கள். கணக்கு எளிது. சிறிய கார்களில் வரும் 175/65 ஆர்14 டயரின் விட்டம் சுமார் 58 சென்டிமீட்டர், அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு 1.83 மீட்டர் உருள வேண்டும். 215/60 ஆர்16 போட்ட பெரிய வண்டிக்கு 2.1 மீட்டர். ஸ்கூட்டரின் 90/100-10 டயருக்கு 1.36 மீட்டர். அறுபது சென்டிமீட்டர் சாக்கு கார் டயரில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தொடும். மீதி உங்கள் தரையில்.

இரண்டு சுற்றுக்கு இடம் விட்டால் 4 மீட்டர். போர்டிகோ முழுவதையும் மூட வேண்டியதில்லை. இரண்டு சக்கரமும் போகும் வழியில் இரண்டடி அகலம், 4 மீட்டர் நீளத்தில் இரண்டு பட்டை போதும். பின் சக்கரமும் அதே பட்டையில் வர வேண்டும் என்பதால் வண்டியை நேராக எடுத்து வாருங்கள். நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பினால் வெளியே புது ரோடு பிய்ந்து டயரில் ஏறும், உள்ளே விரிப்பு முறுக்கிக்கொண்டு சுருளும். இரண்டும் ஒரே தப்பு.

இனி எதை விரிப்பது?

சணல் சாக்குக்குத்தான் எங்கள் வோட்டு, அதுவும் நனைத்துப் போட்டால். ரோலரின் இரும்பு உருளை மேல் எப்போதும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஈரமான பரப்பில் பிட்டுமன் ஒட்டாது, அதற்காகத்தான் அந்தத் தண்ணீர். நனைந்த சாக்கும் அப்படித்தான் வேலை செய்கிறது. டயரில் உள்ள துணுக்கு சாக்கின் முரட்டு நூலில் உரசி உதிரும், ஈரத்தால் அழுந்தி ஊறாது. சாக்கின் தையலைப் பிரித்து விரித்து, ஒன்றின் மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி அடுக்குங்கள். உள்பக்கத்துச் சாக்கு அடியிலும் கேட் பக்கத்துச் சாக்கு மேலேயும் இருந்தால் வண்டி உள்ளே ஏறும்போது விளிம்பு கிளம்பாது. காலையும் மாலையும் பக்கெட்டால் நனைக்க வேண்டும். குறை என்னவென்றால் ஈரச் சணல் பழுப்புச் சாயம் விடும். வெளிர் நிற டைல்ஸிலும் சிமென்ட் தரையிலும் அது இறங்கும். அடியில் ஒரு பாலிதீன் தாள் போட்டால் தீரும், ஆனால் வழவழப்பான டைல்ஸில் அந்தத் தாளே வழுக்கும். ஓரங்களை அகலமான டேப்பால் ஒட்டிவிடுவது கட்டாயம். பழைய ஜமக்காளம் இருந்தால் இந்தத் தொல்லையும் குறைவு. கனமான பருத்தி, தரையோடு படுத்துக் கிடக்கும். தூக்கிப் போட மனசு வர வேண்டும், அவ்வளவுதான்.

பிளாஸ்டிக் தார்ப்பாய் பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும். தார் அதைத் தாண்டிக் கீழே போகாது என்பது உண்மை. சிக்கல் மேலே இருக்கிறது. உறிஞ்சவும் உரசவும் அதில் ஒன்றும் இல்லாததால் டயரில் இருக்கும் தார் பாதி தார்ப்பாயில் ஒட்டும், பாதி டயரிலேயே தங்கும். அடுத்த முறை அதே இடத்தில் நடப்பவர் காலில் அது ஏறும். போதாததற்குக் காற்றில் எழும்பும், மழைத்தண்ணீர் நின்றால் வழுக்கும், டயர் நின்று திரும்பினால் கிழியும். முழு நீளத்துக்கும் விரித்து, நான்கு ஓரத்திலும் செங்கல் வைத்து, வண்டி நிற்கும் இடத்தையும் சேர்த்து மூடினால் மட்டும் பிரயோஜனம். அப்படிச் செய்ய முடிந்தவர்களுக்கு, குறிப்பாகக் கறை உறிஞ்சும் தரை உள்ளவர்களுக்கு, தார்ப்பாயை அடியிலும் சாக்கை மேலேயும் போடுவது நல்ல ஏற்பாடு.

பழைய ஃப்ளெக்ஸ் பேனருக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. தார்ப்பாயைவிடக் கனம், தட்டையாகப் படுக்கும். வெயிலில் மை இளகித் தரையில் ஒட்டாமல் இருக்க அச்சடித்த முகம் மேலே பார்க்கட்டும். யாராவது தலைவரின் முகத்தின் மேல் வண்டி ஏற்றுவதில் தெருவில் சங்கடம் வந்தால் அது தொழில்நுட்பப் பிரச்சினை இல்லை, நாங்கள் அதற்குப் பொறுப்பேற்க முடியாது.

அட்டைப்பெட்டி ஒரு நாளுக்கு மட்டும். பனியில் நனைந்தாலே கூழாகி, தாரோடு சேர்ந்து டயரில் ஒட்டி உள்ளே வரும்.

மணலும் கல்தூளும்

தரையை மூடுவதைவிடத் தாரை மூடுவது சில வீடுகளுக்குப் பொருந்தும். கேட்டுக்கு நேரே புது ரோட்டின் மேல் மெல்லிசாக எம்-சாண்டோ கிரஷர் தூளோ தூவினால், டயர் எடுப்பது தாரை அல்ல, தூளை. 3 மீட்டருக்கு 3 மீட்டர் பரப்பில் 3 மில்லிமீட்டர் கனம் என்றால் சுமார் ஒரு கன அடி. ஒரு சிமென்ட் சாக்கில் முக்கால்வாசி. சல்லடையில் சலித்து, உலர்ந்ததாகத் தூவுங்கள். ஈர மணல் கட்டியாக விழுந்து, இடையில் வெறும் தார் தெரியும்.

ரோலர் ஓடி முடித்துப் பரப்பு ஆறிய பிறகுதான் தூவ வேண்டும். கலவை சூடாக இருக்கும்போது போட்டால் மேல்தளத்தில் புதைந்து அந்த இடம் சீக்கிரம் பெயரும், ஒப்பந்தக்காரர் சண்டைக்கு வந்தால் நியாயம் அவர் பக்கம். தெருவளைவிலும் இருசக்கர வண்டிகள் வேகமாகப் போகும் இடத்திலும் தூவக் கூடாது, சறுக்கும். மூன்றாம் நாள் பெருக்கி அள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் மழைநீர் வடிகாலுக்குப் போகும்.

பளபளப்பான டைல்ஸ் உள்ள வீட்டுக்கு இது ஆகாது. டயரோடு உள்ளே வரும் மணல் துகள் சக்கரத்தின் எடையில் மெருகைக் கீறும். கறையைத் துடைக்கலாம், கீறலைத் துடைக்க முடியாது. பேவர் பிளாக் (இன்டர்லாக் கல்), சொரசொரப்பான சிமென்ட், கடப்பா கல் போன்ற தரைக்கு மணல் தாராளமாகச் சரி.

சிறு துளிகளுக்குக் கோலப்பொடி போதும். கேட் சாய்தளத்தில் பசை சொட்டியிருந்தால் அதன் மேல் வெள்ளைக் கல்மாவுக் கோலப்பொடியைத் தூவிக் காலால் அழுத்திவிட்டால் செருப்பில் ஏறாது. எப்படியும் மறுநாள் காலை புது ரோட்டில் கோலம் போட ஆசைப்படாத வீடு இல்லை. கறுப்பில் வெள்ளை அவ்வளவு எடுப்பாக வேறெப்போதும் விழாது. போடுபவர் வெறுங்காலுடன் இறங்க வேண்டாம், வாசலுக்கென்று ஒரு பழைய செருப்பை வைத்துக்கொள்ளட்டும்.

சீலர்

"இன்டர்லாக் கல்லுக்கு சீலர் அடித்துவிட்டால் கறையே படாது" என்று விற்பார்கள். இரண்டு ஜாதி உண்டு. சிலேன்-சிலாக்சேன் வகை துளைகளுக்குள் இறங்கித் தண்ணீரைத் தள்ளும், ஆனால் எண்ணெயையும் பிட்டுமனையும் அதே மாதிரி தள்ளாது. அக்ரிலிக் வகை மேலே படலமாக நிற்கும். தார் அந்தப் படலத்தின் மேல் தங்கும் என்பது சரி, ஆனால் தாரை எடுக்கத் தின்னர் தொட்டால் படலமும் சேர்ந்து கரைந்து திட்டுத்திட்டாக வெளுக்கும். எதை அடித்தாலும் தரை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், அடித்த பிறகும் ஓரிரு நாள் வண்டி ஏறக் கூடாது. மில்லிங் மெஷின் தூசி பறக்கும் வாரத்தில் இதெல்லாம் நடக்காத காரியம். வேறு காரணத்துக்காக அடிப்பதானால் அடியுங்கள். தார் ரோட்டுக்காக வேண்டாம்.

ஒன்றும் செய்யாமல் பிறகு துடைப்பது

இது சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. விட்ரிஃபைட் டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. தாரும் உள்ளே இறங்க வழியில்லை. பிளாஸ்டிக் சுரண்டியால் பெயர்த்து, மண்ணெண்ணெயோ பெயின்டர்கள் வைத்திருக்கும் டர்பன்டைனோ நனைத்த துணியால் துடைத்து, பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரால் கழுவினால் ஒரு தடத்துக்குச் சில நிமிடம். மிஞ்சினால் டைல்ஸ் இடுக்கு கிரவுட் மட்டும் கறுத்துப்போகும். இப்படிப்பட்ட தரை உள்ளவர்கள் சாக்கு, பாலிதீன் என்று மெனக்கெடாமல், வண்டியை ஒரு நாள் வெளியே விட்டுவிட்டு மீதியைத் துடைத்துக்கொள்வதே லாபம்.

பேவர் பிளாக்கின் கதை வேறு. ஐஎஸ் 15658 தரப்படியே அது 6 சதவீதம் வரை தண்ணீர் உறிஞ்சலாம். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தால் தார் கரையும், கரைந்தது கல்லுக்குள் இறங்கும். கையகலக் கறை இரண்டு கையகலப் பழுப்பு வட்டமாகும். அதனால் ஊற்றக் கூடாது, உறிஞ்ச வைக்க வேண்டும். முதலில் பாலிதீன் பையில் ஐஸ் கட்டி போட்டுப் பத்து நிமிடம் கறையின் மேல் வையுங்கள். தார் விறைத்துக் கண்ணாடி மாதிரி உடையும், பட்டி பிளேடால் நெம்பி எடுத்துவிடலாம். மீதிக் கறைக்கு, நாலு மேசைக்கரண்டி வெள்ளைக் கோலப்பொடியில் கெட்டிச் சட்னி பதம் வரும் அளவு மட்டும் மண்ணெண்ணெய் விட்டுக் குழைத்து, அரை சென்டிமீட்டர் கனத்துக்கு அப்புங்கள். கறையின் விளிம்பைத் தாண்டி ஒரு விரல் அகலம் போக வேண்டும். மேலே பாலிதீன் மூடி இரண்டு மூன்று மணி நேரம், பிறகு பாலிதீனை எடுத்துவிட்டு முழுக்க உலரும்வரை விடுங்கள். உலரும்போதுதான் பொடி தாரை மேலே இழுக்கும், அவசரப்பட்டு ஈரத்தில் சுரண்டினால் போட்டது வீண். கறை பழையது என்றால் மூன்று முறை வேண்டியிருக்கும். வண்ணக் கோலப்பொடியைத் தொடாதீர்கள், அதன் சாயம் தனிக் கறை.

இன்டர்லாக் கல்லில் இன்னொரு வசதி, கறை பிடித்த ஏழெட்டுக் கல்லைக் கழற்றி மூலையில் கண்ணில் படாத கல்லோடு மாற்றிவிடலாம். இரண்டு தட்டை ஸ்குரூ டிரைவரை எதிரெதிர் இடுக்கில் விட்டு நெம்பினால் முதல் கல் வரும், மற்றவை தானே வரும். திருப்பிப் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: வண்ணம் பெரும்பாலும் மேல் அடுக்கில் மட்டும்தான், அடியில் வெறும் சாம்பல் நிறம்.

செய்யக் கூடாதவை மூன்று. பாத்ரூம் ஆசிட் தாரை ஒன்றும் செய்யாது, சிமென்டை அரித்து அந்த இடத்தைக் குழியாக்கும். பெட்ரோல் நன்றாகக் கரைக்கும், ஆனால் அதன் ஆவி அறை வெப்பநிலையிலேயே தீப்பிடிக்கும், மூடிய போர்டிகோவில் பக்கத்தில் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்தால் போதும். மூன்றாவது, டயரை டீசலாலோ மண்ணெண்ணெயாலோ துடைப்பது. ரப்பர் ஊறிப் பருக்கும், அந்த எண்ணெயே தரையில் புதுத் தடம் வைக்கும்.

கறுப்பாகத் தெரிவதெல்லாம் தாரும் இல்லை. பார்க்கிங் டைல்ஸில் வண்டி நிற்கும் இடத்தில் டயரின் ரப்பரிலிருந்தே கறை இறங்குவதுண்டு. வெள்ளைத் துணியில் துளி மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணி டீ நிறத்தில் பழுத்தால் தார். அழுக்குச் சாம்பலாக மட்டும் வந்தால் டயர் கறை, அதற்கு இந்த வைத்தியம் எதுவும் கேட்காது.

எதை எங்கே

விட்ரிஃபைட் டைல்ஸ், பாலிஷ் கிரானைட்: முடிந்தவரை வண்டி வெளியே, பிறகு துடைப்பு. மணல் வேண்டாம். பேவர் பிளாக், ஸ்டாம்ப்டு கான்கிரீட் (கல் மாதிரி அச்சுப் பதித்த கான்கிரீட்): மூன்று நாள் வெளியே நிறுத்துங்கள், முடியாவிட்டால் தார்ப்பாய் மேல் ஈரச் சாக்கு, கேட்டுக்கு வெளியே மணல், எல்லாமும் சேர்த்து. பின்னால் சுத்தம் செய்வதுதான் இங்கே அதிகச் செலவு. சாதா சிமென்ட் தரைக்கு மணலும், பாலிதீன் மேல் சாக்கும் போதும். ரெட் ஆக்சைடு பழைய வீடு என்றால் சாக்கை நேரடியாகப் போடாதீர்கள், ஜமக்காளமே நல்லது.

எந்தத் தரையானாலும் செருப்பை மறக்க வேண்டாம். கேட்டுக்கு உள்ளே ஒரு அகலத் தட்டில் தண்ணீரில் ஊறிய சாக்கு, அதைத் தாண்டி செருப்பு வராது என்று ஒரு வார ஒப்பந்தம். ஸ்கூட்டரைத் தெருவில் நிறுத்தினால் சைடு ஸ்டாண்டு புது ரோட்டில் குத்தி இறங்கும், நுனியில் ஒரு உருண்டை தாரோடு உள்ளே வந்து தினமும் ஒரே இடத்தில் அதை அப்பும். ஸ்டாண்டின் கீழ் ஒரு ஓட்டுத் துண்டு வைக்கப் பழகினால் ரோடும் பிழைக்கும். உடம்பில் ஒட்டிய ஆறிய தாருக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்தால் போகும். கார் பெயின்டில் தெறித்த புள்ளிகளுக்கும் அதுவே. சூடான தார் தோலில் பட்டுவிட்டால் மட்டும் பிய்க்காமல், தண்ணீரில் காட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சாக்கை எடுக்கும் நாளில் தார் பட்ட முகம் உள்ளே போகும்படி ஓரங்களிலிருந்து நடுவுக்கு மடித்து, காலையிலேயே, வெயில் ஏறும் முன் எடுங்கள். மதியம் உருட்டினால் ஒட்டியதெல்லாம் மறுபடி இளகிக் கையில் வரும். மூலையில் போட்டுக் கொளுத்த வேண்டாம், அந்தப் புகை தெருவுக்கே ஆகாது. பாலிதீனில் கட்டிக் குப்பை வண்டியில் தனியாகக் கொடுத்துவிடலாம்.